பதினாறாவது ஆம்பியர்

இந்தக் கதையில் வருகிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடிந்தபிறகு சொன்னால் நம்பமாட்டீர்கள். பீடி கிடையாது, பொய் கிடையாது, சொன்ன சொல்லைத் தட்டுகிற பழக்கம் அறவே கிடையாது. அந்தக் கடைசிக் குணம்தான் அவர்களைப் பாடாய்ப் படுத்தியது.

ஆத்தூருக்கு மேற்கே கரட்டுப்புதூர் என்று ஓர் ஊர். அங்கே அர்த்தனாரி முதலாளியின் சேகோ ஆலை. குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்துப் பாலெடுத்து, மாவாக்கி, ஜவ்வரிசியாக உருட்டி அனுப்புகிற இடம். நீங்களும் நானும் பாயசத்தில் முத்து முத்தாக அள்ளிக் குடிப்பது இவர்கள் கைவேலைதான். அதை நினைத்துப் பயப்பட வேண்டாம், வேகவைத்துத்தானே சாப்பிடுகிறோம்.

ஆலைக்கு உயிர், கிழங்கை அரைக்கிற உருளை. அதைச் சுழற்றுகிற மோட்டாருக்கு ‘மெதுவாகப் போ, வேகமாகப் போ’ என்று உத்தரவு போட, பீரோ உயரத்தில் ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. டிரைவ் என்று பெயர். மோட்டார் தின்பது பெரிய கரண்ட். ஆனால் டிரைவின் மூளை இருக்கிறதே, அது கைக்குழந்தை மாதிரி. இருபத்துநாலு வோல்ட்டுக்கு மேல் கொடுத்தால் தாங்காது. அந்த இருபத்துநாலு வோல்ட்டை ஆற்றி ஊட்டுவதற்கென்று டிரைவுக்குள்ளேயே செங்கல் அளவில் ஒரு பவர் சப்ளை. மூளை, பிரேக், விசிறி, விளக்கு எல்லாம் அதனிடம்தான் கையேந்த வேண்டும்.

அதை வாங்கிவந்தவர் முதலாளியின் மச்சான் தர்மலிங்கம். எத்தனை ஆம்பியர் வேண்டும் என்று கடைக்காரர் கேட்டதற்கு, “பாக்க லட்சணமா இருக்கறதாப் பாத்துக் குடுங்க” என்றாராம். லட்சணமாகத்தான் இருந்தது. பத்து ஆம்பியர். உருளையின் பிரேக் விடுபடும்போதெல்லாம் இழுப்புத் தாங்காமல் திணறித் திணறி, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கருகின வடை வாசத்தோடு உயிரை விட்டது. உருளையும் நின்றது.

அன்றைக்கென்று பார்த்து முற்றத்தில் லாரி லாரியாகக் கிழங்கு கொட்டிக் கிடந்தது. குச்சிக்கிழங்கு மண்ணைவிட்டு வெளியே வந்தால் இரண்டு நாள் தாங்கும். அப்புறம் உள்ளே நீலம் பாய்ந்து, புளித்து, ஊரே மூக்கைப் பொத்திக்கொள்ளும்.

அர்த்தனாரி முதலாளி வந்தார். குவியலைப் பார்த்தார், நின்றுபோன உருளையைப் பார்த்தார், சூடம் ஏற்றச் சொன்னார். எரிகிற சூடத்தின் மேல் படாரென்று கையடித்து அணைத்தார்.

“நாளைக்குப் பொழுது எறங்கறதுக்குள்ள இந்த உருளைய ஆரு சுத்த வெக்கறாங்களோ, அவங்கதான் இந்த ஆலைக்கு ஃபோர்மேன். ஆரும் சுத்த வெக்கலீன்னா எம் மச்சான் தர்மலிங்கம் ஃபோர்மேன். கருப்பண்ணசாமி மேல சத்தியம்.”

இப்போது ஃபோர்மேனாக இருந்தவன் செங்கோடன். இந்த வேலை போனால் அவனுக்கு இருக்கிற ஒரே போக்கிடம் மாமனாரின் தறிக்கூடம். மாமனார் திட்டமாட்டார், அதிகம் பேசவேமாட்டார். ஆனால் மருமகன் சாப்பிட உட்கார்ந்தால் எதிரே உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டாவது இட்லிக்குமேல் அந்தப் பார்வைக்குக் கீழே எதுவும் இறங்காது. காலம் முழுக்க இரண்டு இட்லியோடு நிறுத்த வேண்டுமே என்று செங்கோடன் உண்மையாகவே பயந்துபோனான்.

அவனுக்கு ஆள்பலம் மூன்று பேர். முதலாவது எலக்ட்ரீஷியன் காளியண்ணன். பலமுறை கரண்ட் அடித்துப் பிழைத்தவன், அதனால் அனுபவசாலி என்று பெயர். அடுத்தவன் எடைமேடை அங்கமுத்து. லாரியில் வருகிற கிழங்கை நிறுத்து, மண்ணுக்கும் காம்புக்கும் கழிவு போடுகிறவன். மற்ற ஆலைகளில் நூற்றுக்கு நாலைந்து கழிப்பார்கள் என்றால், அங்கமுத்து நாலில் ஒரு பங்கைக் கழித்துவிடுவான். “எழுதிக்கிட்டு வர்றது எதுவும் நெசமில்ல” என்பது அவனுடைய வேதம்.

மூன்றாவது பாவாயி அக்கா, தோல் உரிக்கிற பெண்களுக்குத் தலைவி. அவள் போகிற இடத்துக்கெல்லாம் செவத்தி என்கிற அவளுடைய வெள்ளாடும் போகும். ஆலைக்குள் ஆடுமாடு வரக்கூடாது என்று வாசலில் பலகை மாட்டியிருந்தார்கள். ஆட்டுக்குப் படிக்கத் தெரியாதே என்பதால் யாரும் அதைக் குற்றம் சொன்னதில்லை.

செங்கோடன் ஓசூரில் இருக்கிற டிரைவ் என்ஜினியர் ஜெயசீலனுக்கு போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தான்.

“பயப்படாதீங்க செங்கோடன்,” என்றார் என்ஜினியர். “புதுசு ஒண்ணு வாங்கி மாட்டினா முடிஞ்சது. ஆனா அளவு சரியா எடுக்கணும். டிரைவ் கதவைத் திறங்க. உள்ள இருபத்துநாலு வோல்ட்டுல எது எது ஓடுதோ, அது ஒவ்வொண்ணு மேலயும் சின்னத் தகடு இருக்கும். அதுல இருக்கறதை வாசிச்சு எல்லாத்தையும் கூட்டுங்க. எதையும் விட்டுடாதீங்க.”

டிரைவ் கதவில் ‘பயிற்சி இல்லாதவர் திறக்கக் கூடாது’ என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. நால்வரும் நின்றார்கள்.

“காளியண்ணா, நீ பயிற்சி எடுத்திருக்கறயல்லொ?” என்றான் செங்கோடன்.

“மூடறதுக்கு எடுத்தனுங்ணா. தெறக்கறது அடுத்த நாளு சொல்லித்தாரமுன்னாங்க. அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்.”

“அப்ப நீ மூடிக்கலாம். தெறக்கறது ஆரு?”

பாவாயி அக்கா முந்தானையை இழுத்துச் செருகினாள். “எனக்குப் படிக்கத் தெரியாது. எழுதி வெச்சது படிச்சவங்களுக்குத்தான். அக்கட்ட நகருங்க” என்று கைப்பிடியைத் திருகித் திறந்துவிட்டாள்.

காளியண்ணன் உள்ளே தலையை நீட்டி ஒவ்வொரு தகடாக வாசித்தான். அங்கமுத்து தரையில் சாக்பீஸால் எழுதினான். செங்கோடன் கூட்டினான். மூச்சுப் பிடித்துக் கூட்டி முடித்து, போனில் சொன்னான்.

“அஞ்சு லட்சத்து அறுபதாயிரத்துச் சொச்சமுங்க.”

என்ஜினியர் கேட்டார்: “என்னது?”

“ஆம்பியருங்க.”

“தகட்டுல கம்பெனி விலாசம் இருந்துதா?”

“இருந்துச்சுங்க. பெங்களூருங்க.”

“பின்கோடைக் கூட்டினீங்களா?”

“எதையும் விட்டுடாதீங்கன்னு சொன்னீங்களுங்க” என்றான் செங்கோடன் மிகவும் பணிவாக.

என்ஜினியர் பொறுமைசாலி. ஆம்பியர் என்று எழுதியதை மட்டும் வாசிக்கச் சொன்னார். மூளைக்கு மூன்று, பிரேக்குக்கு எட்டு, விசிறிக்கு இரண்டு, சென்சாருக்கு ஒன்று, விளக்குக்கும் ரிலேவுக்கும் சேர்த்து இரண்டு.

“சரி. இப்ப இதெல்லாம் ஒரே நேரத்துல இழுக்குதுன்னு நெனைச்சுக்கங்க. அப்படித்தான் அளவு எடுக்கணும்.”

நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படித்தவர் சொன்னால் காரணம் இருக்கும். கிழங்குக் குவியலுக்குப் பக்கத்தில் வட்டமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

“ஆளுக்கு ஒண்ணு நெனைக்கோணும்” என்று பங்கு பிரித்தான் செங்கோடன். “நான் மூளைய நெனைக்கறேன். காளியண்ணன் பிரேக்கு. அங்கமுத்து விசிறி. அக்கா, நீங்க சென்சாரு, வெளக்கு, ரிலே பூரா.”

“எனக்கு மட்டும் எதுக்குடா மூணு?”

“உங்களுக்கு அத்தன தெறமை இருக்குதல்லொ.”

அதை அவள் மறுக்கவில்லை. கண்ணை மூடினார்கள். பாவாயி அக்கா “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று எண்ணிக் கொடுத்தாள். மூன்றில் எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு நினைத்தார்கள். காளியண்ணனுக்கு நெற்றி நரம்பு புடைத்தது. அங்கமுத்துவிடமிருந்து மட்டும் குறட்டைச் சத்தம் வந்தது.

“டேய், நீ விசிறியத்தான நெனச்ச?”

“விசிறியத்தானுங்ணா நெனச்சேன். நல்லாக் காத்து வந்துச்சு. அதான் கண்ணசந்துட்டேன்.”

“அப்ப ஒரே நேரத்துல ஆகல. மொதல்லருந்து வாங்க.”

“ஹலோ? ஹலோ? லைன்ல இருக்கீங்களா?” என்றது போன்.

“உஷ்! நெனச்சுக்கிட்டு இருக்கறோமுங்க” என்றாள் பாவாயி அக்கா. அப்புறம் ஒருவழியாக நினைத்து முடித்து, “எல்லாம் ஒண்ணா இழுத்துருச்சுங்க சார். பிரேக்கு மட்டும் தும்மல் வந்து கொஞ்சம் பிந்திப்போச்சு” என்று தகவல் சொன்னாள்.

என்ஜினியர் எதையும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் விபரீதம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. “மொத்தம் பதினாறு ஆம்பியர். அதோட கால் பங்கு கூடுதலாச் சேர்த்து வாங்குங்க. மாட்டும்போது நல்லாக் காத்தோட்டம் இருக்கட்டும், பெட்டிக்கு மூச்சு முட்டக் கூடாது. நான் இப்ப கொங்கன் ரயிலு ஏறறேன். வழியெல்லாம் குகை. ரெண்டு நாளைக்கு என்னைப் பிடிக்க முடியாது” என்று சொல்லி வைத்துவிட்டார். ரயில் நிஜமாகவே இருந்ததா என்று எனக்குச் சந்தேகம்தான்.

பதினாறும் கால் பங்கும். பள்ளிக்கூடத்துப் பையன்கூட இருபது என்று சொல்லிவிடுவான். ஆனால் அங்கமுத்து சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை.

“அண்ணா, பதினாறுன்னு சொன்னது ஆரு?”

“தகடு.”

“தகடு எழுதினது ஆரு?”

“வித்தவன்.”

“வித்தவன் எந்தக் காலத்துல நெசத்த எழுதியிருக்கறான்? இத்தன வருசத்துல கழிவு போடாம ஒரு கெழங்கு இந்த ஆலைக்குள்ள போயிருக்குதா? ஆம்பியருக்கு மட்டும் என்ன தனி நாயம்? நாலுல ஒண்ணு கழிங்க.”

“என்ஜினியரு சேக்கச் சொன்னாருடா.”

“சேருங்க, ஆரு வேண்டாம்னாங்க? மொதல்ல கால் பங்கக் கழிங்க, பொறகு கால் பங்கச் சேருங்க. பழைய பதினாறே வந்து நிக்கும். எனக்கும் மரியாத, என்ஜினியருக்கும் மரியாத.”

இதைவிட நியாயமான பேச்சை செங்கோடன் கேட்டதில்லை. பதினாறில் கால் பங்கு நான்கு, கழித்தான், பன்னிரண்டு. பன்னிரண்டில் கால் பங்கு மூன்று, சேர்த்தான், பதினைந்து. மறுபடி போட்டான், பதினைந்து. காளியண்ணன் போட்டான், பதினைந்து. சாக்பீஸை மாற்றிப் பார்த்தார்கள். அப்போதும் பதினைந்து.

“எடுத்தது காலு. வெச்சது காலு” என்றான் செங்கோடன். “நடுவுல ஒரு ஆம்பியரக் காணோம்.”

ஆலையில் இதுவரை ஒரு கைப்பிடி மாவுகூடத் திருட்டுப் போனதில்லை. காளியண்ணன் தானாகவே முன்வந்து சட்டைப்பையைக் கவிழ்த்துக் காட்டினான். ஒரு டெஸ்டரும் காய்ந்த வெற்றிலையும் விழுந்தன. அங்கமுத்து வேட்டியை உதறிக் காட்டினான். பாவாயி அக்கா சுருக்குப்பையை அவிழ்த்தாள். யாரிடமும் ஆம்பியர் இல்லை.

“சுண்ணாம்புக் குச்சியில போட்ட கணக்கு நிக்குமாடா?” என்றாள் பாவாயி அக்கா. “பொருள வெச்சுப் போட்டாத்தான் திருடன் சிக்குவான்.”

குவியலிலிருந்து பதினாறு கிழங்குகளை எடுத்து வரிசையாக அடுக்கினாள். கால் பங்கு, நான்கு கிழங்கை எடுத்து ஓரமாக வைத்தாள். பன்னிரண்டு மிச்சம். அதில் கால் பங்கு என்று, ஓரத்தில் இருந்ததிலிருந்து மூன்றை எடுத்து உள்ளே வைத்தாள். பதினைந்து. ஓரத்தில் ஒரே ஒரு கிழங்கு தனியாகக் கிடந்தது.

“இதா கெடக்குது!” என்று கத்தினான் செங்கோடன். “பதினாறாவது ஆம்பியரு!” அவனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. காணாமல் போன பிள்ளை திருவிழாவில் கிடைத்தால் எப்படியோ, அப்படிச் சந்தோஷப்பட்டான்.

“எடுத்து உள்ள வெச்சுட்டு வேலையப் பாக்கலாமுங்ணா” என்றான் காளியண்ணன்.

“தொடாத!” என்றான் அங்கமுத்து. “அது கழிவுல சேந்தது. கழிவு உள்ள போனா நாளைக்கு எல்லா லாரிக்காரனும் கேப்பான்.”

“கழிவுன்னா மத்த மூணு மட்டும் எப்புடிப் போச்சு?”

“அது என்ஜினியரு சொல்லிப் போச்சு. அவரு கால் பங்குன்னாரு. கால் பங்கும் ஒரு கெழங்கும்னு சொன்னாரா?”

வாதம் இரண்டு பக்கமும் பலமாக இருந்தது. தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் செங்கோடன். அவன் கண்ணை மூடி, கன்னத்தில் கைவைத்து, நீண்டநேரம் யோசித்தான். கண்ணைத் திறந்து தீர்ப்புச் சொல்ல வாயெடுத்தபோது கிழங்கைக் காணவில்லை. செவத்தி நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.

“அடிப்பாவி! ஆம்பியரத் தின்னுப்புட்டயே!”

“எம் பிள்ளையத் திட்டாத செங்கோடா. அது கெழங்குன்னு நெனச்சுத் தின்னுருச்சு.”

“கெழங்குதானக்கா. ஆனா கணக்குப்படி அது ஆம்பியரு.”

காளியண்ணன் டெஸ்டரை எடுத்து ஆட்டின் கொம்பில் வைத்துப் பார்த்தான். விளக்கு எரியவில்லை. வயிற்றில் வைத்தான். அங்கேயும் எரியவில்லை. “ஒரே ஒரு ஆம்பியருதானுங்ணா, உள்ள அடங்கிக் கெடக்குது. ஆட்டத் தொலைக்காம வெச்சிருந்தாப் போதும்” என்று அனுபவத்தில் சொன்னான்.

மறுநாள் விடிந்தபோது குவியலின் அடிக்கிழங்கு லேசாகப் புளித்த வாடை அடிக்க ஆரம்பித்திருந்தது. செங்கோடனுக்கு மாமனார் வீட்டுத் தட்டு கண்முன்னால் வந்து வந்து போனது. அங்கமுத்துவைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்து, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஓர் எலக்ட்ரிக் கடைக்குப் போனான்.

“இருபத்துநாலு வோல்ட்டுல பதினஞ்சு ஆம்பியர் பவர் சப்ளை ஒண்ணு குடுங்க. பதினாறாவது எங்ககிட்டயே இருக்குது.”

“எங்கே?”

“ஆட்டுலங்க.”

கடைக்காரர் பல வருஷமாகக் கடை நடத்துகிறவர். வாடிக்கையாளர் சொல்வதில் பாதியைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. “பத்து இருக்கு, இருபது இருக்கு. பதினஞ்சு வர்றதில்ல” என்றார்.

செங்கோடனுக்கு முகம் தொங்கிப்போனது. எல்லாம் முடிந்தது என்று படியில் உட்கார்ந்துவிட்டான். ஆனால் அங்கமுத்துவின் கண் பெட்டியின் மேல் இருந்த தகட்டில் நிலைகுத்தியிருந்தது.

“அண்ணா, இருபதுன்னு எழுதியிருக்கறாங்க.”

“அதனால என்ன?”

“எழுதினது ஆருங்ணா?”

செங்கோடன் மெல்ல எழுந்து நின்றான். “வித்தவன்.”

“நாலுல ஒண்ணு கழிவு போட்டா?”

“பதினஞ்சு! அளவெடுத்துத் தெச்ச சட்டையாட்டம் இருக்குதுடா!”

என்ஜினியர் மனதில் இருந்ததும் இந்த இருபதுதான். நேரான வழியில் போய்த் தப்பான இடத்தில் நிற்கிற படித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எனவே இவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்கியதோடு கிளம்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அந்தக் கழிவு அஞ்சு ஆம்பியர எடுத்துருங்க” என்றான் அங்கமுத்து.

“எதை எடுக்கணும்?”

“அஞ்சு ஆம்பியருங்க. அதோட சேத்து மாட்டினா எங்க மூளை வெந்து போயிருமுங்க.”

கடைக்காரர் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். பின்னால் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. பெட்டியை உள்ளே எடுத்துப்போய், துணியால் தூசி தட்டி, திரும்பக் கொண்டுவந்து வைத்தார். “எடுத்தாச்சு.”

“எடுத்ததக் காட்டுங்க. எங்க ஆலைல கழிவக் கண்ணுல காட்டாம எடுக்கறதில்ல.”

கடைக்காரர் மறுபடி உள்ளே போனார். வறுத்த கடலை தின்றுவிட்டுக் கசக்கிப்போட்ட காகிதத்தைப் பொட்டலமாக மடித்து, நூல் சுற்றி, அங்கமுத்துவின் கையில் வைத்தார். “அஞ்சும் இதுக்குள்ளதான் இருக்கு. பிரிச்சுடாதீங்க, பறந்துடும்.”

ஊருக்கு அடுத்த பஸ் சாயங்காலம்தான். அதில் திரும்பும்போது செங்கோடன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தான். அங்கமுத்து பொட்டலத்தோடு கடைசி சீட்டுக்குப் போய்விட்டான். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் மறுபடி ஒட்டிக்கொள்ளுமோ என்று பயம்.

ஆலைக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பயிற்சி இல்லாத பாவாயி அக்கா கதவைத் திறந்துகொடுத்தாள். காளியண்ணன் பவர் சப்ளையை மாட்டி, ஒயரை எல்லாம் ஒழுங்காகவே முடுக்கினான். பெட்டிக்கு மூச்சு முட்டக் கூடாது என்பது என்ஜினியர் உத்தரவு. அதனால் டிரைவின் கதவை அகலத் திறந்தே வைத்தார்கள். பாவாயி அக்கா போதாக்குறைக்கு முறத்தால் விசிறினாள். கழிவுப் பொட்டலம் ஆலைச் சொத்து, வீசி எறிய முடியாது. உள்ளேயும் போய்விடக் கூடாது. எனவே அதைக் கதவின் வெளிப்புறக் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

அர்த்தனாரி முதலாளி வந்து நின்றார். கூடவே தர்மலிங்கமும் வந்தார், புதுச் சட்டை போட்டு, நெற்றியில் சந்தனம் வைத்து.

“போடு” என்றார் முதலாளி.

செங்கோடன் கருப்பண்ணசாமியை வேண்டிக்கொண்டான். காளியண்ணன் சுவிட்சைப் போட்டான். பவர் சப்ளையில் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. உருளை அசையவில்லை. அணைத்துப் போட்டான்; விளக்கு எரிந்தது, உருளை அப்படியே நின்றது. தர்மலிங்கம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

அந்த மாதிரி டிரைவின் கதவு ஓரத்தில் சின்னதாக ஒரு சுவிட்ச் இருக்கும். கதவு திறந்திருக்கும்வரை மோட்டார் ஓடாது. யாரும் கையை உள்ளே விட்டுச் செத்துப்போகக் கூடாது என்பதற்காக வைத்தது. அது என்ஜினியருக்குத் தெரியும். காளியண்ணனுக்கும் சொல்லித்தந்திருப்பார்கள், அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல்.

“ஒரு ஆம்பியர் கொறையுதுங்க மொதலாளி” என்றான் செங்கோடன், அழாத குறையாக. “அதா, அந்த ஆட்டுக்குள்ள இருக்குதுங்க.”

“ஆட்டுக்குள்ளயா?” முதலாளிக்கு அது ஆச்சரியமாகப் படவில்லை. அவரும் கரட்டுப்புதூர்க்காரர்தான். “அப்பறம் அத வெளிய நிறுத்தி வெச்சுட்டு இங்க சுவிட்சப் போட்டா எப்புடிடா ஓடும்? கூப்புடு!”

“செவத்தீ! பா பா பா!” என்று கூவினாள் பாவாயி அக்கா.

செவத்தி குவியலுக்குப் பின்னாலிருந்து துள்ளி வந்தது. எஜமானி கூப்பிட்டதற்காக அல்ல. காற்றில் கடலை வாசம் வந்தது. கைப்பிடியில் தொங்கிய பொட்டலத்தைப் பார்த்ததும் பின்னங்காலில் எழும்பி, முன்னங்கால் இரண்டையும் கதவில் ஓங்கி ஊன்றி, பொட்டலத்தைக் கவ்வி இழுத்தது. கதவு டமாரென்று சாத்திக்கொண்டது.

உருளை ஒரு முனகல் முனகிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது. ஆலையே அதிர்ந்தது. தோல் உரிக்கிற பெண்கள் குலவை போட்டார்கள். கரட்டுக் குன்றின் உச்சியில் பொழுது இன்னும் ஒரு விரல் மிச்சம் இருந்தது.

முதலாளி கையைத் தூக்கினார். குலவை நின்றது. “சுத்த வெச்சது ஆரு?”

செங்கோடன் ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். மாமனாரின் தட்டு ஒரு பக்கம், சத்தியம் ஒரு பக்கம் நின்று அவனை இழுத்தன. ஆனால் அந்த ஆலையில் யாருக்கும் பொய் பழக்கமில்லையே.

“நான் இல்லீங்க மொதலாளி. நாங்க போட்டப்ப சுத்தலீங்க. ஆடு வந்துதான் சுத்த வெச்சுது.”

“இப்ப அது ஆறு ஆம்பியருங்க” என்றான் காளியண்ணன், செவத்தியின் வாயிலிருந்து தொங்கிய நூலைப் பார்த்தபடி. “அஞ்சும் ஒண்ணும்.”

“என்ன மாமா இது, கூத்தா இருக்குது” என்று முன்னால் வந்தார் தர்மலிங்கம். “ஆட்டப் போயி ஃபோர்மேனா வெப்பாங்களா?”

அர்த்தனாரி முதலாளி தன் உள்ளங்கையைப் பார்த்தார். சூடம் சுட்ட கரி இன்னும் போகவில்லை. “ஆரு சுத்த வெக்கறாங்களோ அவங்கன்னுதான் சொன்னேன் மாப்ள. ரெண்டு காலா, நாலு காலான்னு நான் சொல்லல. சாமி மேல அடிச்ச சத்தியத்த மீறுனா குடும்பத்துக்கு ஆகாது.”

தர்மலிங்கம் அந்தச் சந்தனத்தோடு அப்படியே பஸ் ஏறிப்போனார். செங்கோடன் உதவி ஃபோர்மேன் ஆனான். மாமனார் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை என்று தெரிந்ததும் அவன் மனசு பூவாகிவிட்டது. அன்றைக்கு வீட்டில் எட்டு இட்லி சாப்பிட்டான். புது ஃபோர்மேன் எப்படி என்று பெண்டாட்டி கேட்டதற்கு, “அதிகாரமே பண்றதில்ல, தங்கமான கொணம்” என்றான்.

கொங்கன் குகைகளை எல்லாம் தாண்டி வந்தபிறகு என்ஜினியர் ஜெயசீலனுக்கு மனசு கேட்கவில்லை. ஆலைக்குப் போன் போட்டார். செங்கோடன்தான் எடுத்தான்.

“உருளை ஓடுதா செங்கோடன்?”

“ஜோரா ஓடுதுங்க.”

“அப்பாடா! கடைசியில எத்தனை ஆம்பியர் போட்டீங்க?”

“பொட்டிக்குள்ள பதினஞ்சுங்க. வெளிய ஆறுங்க.”

“வெளியவா? யாரைக் கேட்டு அப்படிப் பண்ணினீங்க? நீங்கதானே ஃபோர்மேன்?”

“இப்ப நான் உதவிதானுங்க சார். புதுசா வேற ஆள் போட்டிருக்கறாங்க. அவங்க வந்து நின்னாத்தான் ஓடுது.”

“முதல்லயே அப்படி ஒரு ஆளை வெச்சிருக்கணும்” என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டார் என்ஜினியர். “சரி, போனை அவங்ககிட்டக் குடுங்க, நானே பேசிக்கறேன்.”

செங்கோடன் ஜன்னல் வழியாகக் கரட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தான். பிறகு மரியாதையாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

“ஃபோர்மேன் மேயப் போயிருக்கறாங்க சார். வந்ததும் கூப்புடச் சொல்றனுங்க.”